கால் பெருவிரலின் சொந்தக்காரர்

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் போடாதீர்கள் என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "பெருவிரல் என்றே எழுதுங்கள். சின்னவிரல் என்று எழுதி என்னைச் சிறுமைப்படுத்திவிடாதீர்கள்" என்றார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனது இடது காலின் பெருவிரல்.

நான் தெற்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் தாதி. எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நீரிழிவால் கால் பழுதானவர்கள். அவரும் அப்படித்தான் வந்தார். லண்டனின் தென்கோடியில், சட்டன் என்ற இடத்தில் தனியாக வாழ்ந்த மனிதர், மனைவி காலமாகிவிட்டார். வாழ்நாள் முழுவதும் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பதுதான் தொழில். கதவை நிறைக்கிற உடம்பு, ஆனால் தேநீர்க் கோப்பையைக் குருவிக்குஞ்சைத் தூக்குவதுபோலத் தூக்குவார். பக்கத்து அறையில் இதயத்துடிப்பு இயந்திரம் எழுப்பும் ஒலி சுருதியில் இல்லை என்று வந்த அன்றே முறையிட்டார். நியூசிலாந்துக்காரர். அந்த நாட்டுக்கு வெள்ளைக்காரர் வருமுன்னரே அங்கே வாழ்ந்த மாவோரி இனத்தவர். கால் ஆறியதும் அக்காவுடன் இருக்க ஊருக்கே திரும்பிப் போவதாக இருந்தார்.

அவர் வருவதற்குச் சற்று முன்புதான் எங்கள் எல்லோருக்கும் "கலாசாரப் பாதுகாப்பு" என்று ஒரு வகுப்பு நடந்திருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் வீட்டில் சொன்னபோது என் கணவர், "கலாசாரத்துக்கும் செக்குரிட்டி போட்டிட்டாங்களோ?" என்று கேட்டார். வகுப்பில் சொன்னவற்றில் எனக்கு நினைவில் நின்றது ஒன்றுதான். பாதுகாப்பாக இருந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் நோயாளி, நாங்கள் அல்ல. மற்றவர்களுக்கு வேறு எதுவோ நினைவில் நின்றிருக்கிறது.

வார்ட் மனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நல்ல மனுஷி. நல்லது செய்ய வேண்டும் என்ற அவசரம் எப்போதும் அவரிடம் உண்டு.

"அந்தப் புது நோயாளிக்கு நீங்கள்தான் கலாசாரத் தொடர்பாளர்" என்றார்.

"நானா? எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாதே."

"நீங்கள் தீவிலிருந்து வந்தவர்தானே. அவரும் தீவிலிருந்து வந்தவர்."

நீங்கள் மட்டும் எங்கிருந்து வந்தீர்கள், இங்கிலாந்தும் தீவுதானே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான் இலங்கையில் மன்னார்க்காரி. மன்னாரும் தீவுதான் என்பதால் மறுக்கவும் முடியவில்லை. "கலாசாரத் தொடர்பாளர்" என்று எழுதி, இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருப்பது போன்ற படம் போட்ட ஒரு பட்டையை என் சட்டையில் குத்திவிட்டார்.

அந்தப் பட்டையோடு பியானோக்காரரின் கட்டிலருகே போனேன். அவர் அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ரக்பி விளையாடுமுன் நாக்கை நீட்டி ஆடுவீர்கள். அவ்வளவுதான்."

"நல்லது. தெரியாது என்று சொல்லும் ஒருவராவது இருக்கிறீர்கள்" என்று சிரித்தார். "இந்தக் கலாசாரப் பாதுகாப்பைத் தொடங்கியதே எங்கள் ஊர்த் தாதிமார்தான். இங்கே வந்து சேர்வதற்குள் என்ன பாடுபட்டிருக்கிறது பாருங்கள்."

அவர் கைகாட்டிய இடத்தில், கட்டிலுக்கு மேலே, "தலையைத் தொடுமுன் அனுமதி கேட்கவும்" என்று ஒரு பலகை தொங்கியது. மாவோரிகளுக்குத் தலை புனிதமானது என்று வகுப்பில் சொன்னது உண்மை. ஆனால் அவருக்கு மட்டும் பலகை போட்டால் பாகுபாடாகிவிடும் என்று மனேஜர் எல்லாக் கட்டில்களுக்கு மேலும் ஒவ்வொன்று தொங்கவிட்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஓர் ஆங்கிலேய முதியவர். முன்பு இறைச்சிக்கடை வைத்திருந்தவர், குதிக்காலில் புண் என்று வந்து படுத்தவர். ஒரு பயிற்சித் தாதி அவரிடம் போய் மிகப் பணிவாக, "உங்கள் தலையைத் தொடலாமா?" என்று கேட்டாள். முதியவரின் முகம் வெளிறிவிட்டது. உடனே மகளுக்கு போன் எடுத்து, நோய் தலைக்கு ஏறிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். மகள் வேலையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

சிறுநீர்ப் போத்தலைச் சாப்பாட்டு மேசையில் வைக்கக் கூடாது என்றும் அந்த வகுப்பில் சொன்னார்கள். அது மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதை விரும்பும் மனிதர் எந்த நாட்டில் இருக்கிறார்?

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்க எங்கள் டொக்டர் வந்தார். மதுரைக்காரர், என்னைவிட வயதில் இளையவர். நோயாளிகளுக்கு முன்னால் சிஸ்டர் என்பார், தாழ்வாரத்தில் அக்கா என்பார். விரலை எடுக்காவிட்டால் பாதம் போகும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பியானோக்காரர் எல்லாம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"சரி. எடுத்ததும் எனக்குத் தந்துவிடுங்கள்."

"எதை?"

"விரலை. அது என்னுடையதுதானே."

டொக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனார்.

"அக்கா, அவர் சீரியஸாவா கேக்குறாரு?"

"ஓம் டொக்டர்."

"அத வச்சு என்ன பண்ணப் போறாரு?"

"காலமை என்னட்டைச் சொன்னவர், ஊருக்குக் கொண்டுபோய்த் தாக்கப் போறாராம்."

அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "தாக்கப் போறாரா? யாரை?"

"ஐயோ, ஒருத்தரையும் இல்லை. எங்கடை பக்கம் தாக்கிறதெண்டால் புதைக்கிறது."

"ஆமா, அத முதல்லயே சொல்லக் கூடாதா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றார். பிறகு மறுபடியும் பயந்தார். "இதுக்கெல்லாம் பெர்மிஷன் இருக்கா? என் லைசென்ஸுக்கு ஏதாவது வந்துடாதே?"

நான் திரும்பிப் போய்ப் பியானோக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்பது என் வேலையா இல்லையா என்று தெரியவில்லை. அவராகவே சொன்னார்.

"எங்கள் மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரே சொல்தான். பிள்ளை பிறந்தால் கொடியை மண்ணுக்குள் வைப்போம். அம்மா என்னை ஆஸ்பத்திரியில் பெற்றா. அவர்கள் அதை எரித்துவிட்டார்கள். தாருங்கள் என்று கேட்க அம்மாவுக்குப் பயம். கேட்டால் காட்டுமிராண்டி என்பார்கள் என்று பயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாவாம். எனக்கு இனிமேல் பயப்பட வயதில்லை."

நான் போனைக் கையில் எடுத்தேன்.

ஆய்வுகூடத்தில், சோதனை முடிந்ததும் எரிக்க அனுப்பிவிடுவோம் என்றார்கள். திருப்பித் தரலாமா என்றால், தரலாம்தான், ஆனால் புதைப்பதற்கென்றால் அது பிணவறை வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். பிணவறைக்கு எடுத்தேன். மிக மென்மையான குரலில் ஓர் இளைஞன் பேசினான்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். இறந்தவரின் பெயர்?"

பெயரைச் சொன்னேன்.

"எப்போது இறந்தார்?"

"இறக்கவில்லை. இப்போது பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."

"அப்படியென்றால் நாங்கள் எடுக்க முடியாது, சிஸ்டர்."

"அவர் வேண்டாம். அவருடைய விரல்தான் வரும். விரல் இறந்துவிட்டது."

"அதன் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரே. எங்கள் கணினியில் பகுதியாக இறந்தவர் என்று போட வழியில்லை."

அவனில் கோபிக்க முடியவில்லை. மனதார உதவ விரும்பினான். அவர் பின்னர் இறந்தால் உடனே அழைக்கும்படி தன் நேரடி இலக்கத்தையும் தந்தான்.

மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து மருத்துவமனையின் விதிகளைத் தேடி வாசித்தேன். தன் உடலிலிருந்து எடுத்ததை நோயாளி கேட்டால், பாதுகாப்பாகப் பொதிசெய்து கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. எந்தத் தடையும் இல்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அதைச் சொன்னதும் மனேஜர் கூட்டம் போட்டார். மேசையைச் சுற்றி அவர், டொக்டர், நான், தொற்றுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அதிகாரி கவலை தோய்ந்த முகமுள்ள பெண்.

"அவர் அதை பஸ்ஸில் தவறவிட்டால்? யாராவது கண்டெடுத்தால்? பொலிஸ் வரும். மிச்ச உடம்பைத் தேடுவார்கள்."

"தேடினால் சட்டனில் கண்டுபிடிப்பார்கள். பியானோ வாசித்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் தொடர்ந்தேன். மேல்மாடியில் பித்தப்பை எடுத்த ஒரு சீமாட்டி தன் கற்களைக் குப்பியில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். லிப்டில் எனக்கும் குலுக்கிக் காட்டினார். இன்னொருவர் இடுப்பு மூட்டாக வைத்திருந்த பழைய உலோகத்தைக் கேட்டு வாங்கித் தோட்டத்துக் கதவுக்குக் கைப்பிடியாகப் பொருத்தி, படம் எடுத்து நன்றி அட்டையோடு அனுப்பினார். அதை நாங்கள் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறோம். அவர்களுக்காக யாராவது கூட்டம் போட்டோமா?

"கல் வேறு, விரல் வேறு" என்றார் அதிகாரி.

"வேறுதான். கல்லை அந்தம்மா வேடிக்கைக்குக் கேட்டார். விரலை இவர் மரியாதைக்குக் கேட்கிறார். வேடிக்கைக்குக் கொடுத்துவிட்டு மரியாதைக்கு மறுக்கிறோம்."

டொக்டர் பேனாவை மூடினார். "விதியில் இடம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். என்னைப் பார்க்காமல் தமிழில் மெல்ல, "பாத்துக்கலாம்க்கா" என்றார்.

நோர்பரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, இருவருமாக வெங்காயம் உரிக்கும்போது யாருடைய பெயரும் சொல்லாமல் கணவருக்குக் கதையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், நான் வேதக்காரி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைக் கிண்டலடிப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

"இதிலை என்ன அதிசயம்? போன மாசம் உம்மடை சேர்ச்சுக்கு ஒரு புனிதரின்ரை விரல் எலும்பு கண்ணாடிப் பெட்டியிலை வந்தது. நீர் வரிசையிலை நிண்டு முத்தம் குடுத்தனீர். அப்ப ஒருத்தரும் தொற்றுக் கட்டுப்பாடு எண்டு வரேல்லையே."

"அது வேறை, இஞ்சருங்கோ."

"என்ன வேறை? உம்மடை ஆள் புனிதர், இந்தாள் பியானோக்காரர். ரெண்டும் விரல்தானே."

சிரித்துக்கொண்டு கறிவேப்பிலையை எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அவர் கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றார்.

"அண்ணையின்ரை கால் எங்கை போனதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார்.

அவருடைய மூத்த அண்ணனுக்குச் சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து ஒரு கால் போனது. ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்த இடத்தில்தான் வெட்டினார்கள். என் கணவர்தான் தூக்கிக்கொண்டு ஓடியவர்.

"ஆள் தப்பினதே போதும் எண்டு இருந்திட்டம். கால் எங்கை எண்டு நாங்கள் கேக்கேல்லை. அண்ணையும் கேக்கேல்லை. கேக்கலாம் எண்டே தெரியேல்லை." பிறகு, "அந்தாளுக்கு எப்பிடியாவது எடுத்துக் குடும்" என்றார்.

வெங்காயத்தைச் சாக்காக வைத்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. விரல் ஆய்வுகூடத்துக்குப் போய், சோதனை முடிந்து, கழுவி, கசியாத இரட்டைப் பெட்டியில் வார்டுக்கு வந்து சேர்ந்தது. மருந்துக் குளிர்பெட்டியில் தனித் தட்டு ஒதுக்கினோம். யாரும் தவறாக எடுத்துவிடாமலிருக்க மனேஜர் தன் கையாலேயே "உணவு அல்ல" என்று எழுதி ஒட்டினார். அன்றிலிருந்து அந்தக் குளிர்பெட்டியைத் திறக்கும் தாதிமார் கதவில் மெல்லத் தட்டிவிட்டுத் திறந்தார்கள்.

கொடுக்கவிருந்த நாளில் துணி அடுக்கும் அறையிலிருந்து தொம் தொம் என்று சத்தம் கேட்டது. கீழ்மாடி வார்டிலிருந்து கூரை இடிகிறதா என்று கேட்டு போனும் வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். படுக்கை விரிப்புகளுக்கு நடுவே மனேஜரும், உடற்பயிற்சி மருத்துவர் இரண்டு பேரும், மருந்தாளர் ஒருவரும் முழங்காலை மடித்து, தொடையைத் தட்டி, கண்களை உருட்டி, நாக்கை வெளியே நீட்டியபடி நின்றார்கள். நாலு நாக்கும் என்னைப் பார்த்து அப்படியே நின்றன.

மனேஜர் முதலில் நாக்கை உள்ளே இழுத்தார். "விரலைக் கொடுக்கும்போது அவருக்கு ஒரு மரியாதை. வீடியோ பார்த்துப் பழகினோம்" என்றார், மூச்சு வாங்க.

"அவரிடம் கேட்டீர்களா?"

"இது அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று..."

"ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஒரு கிழமைக்கு முதல் காலில் கத்தி வைத்த மனிதர். அவரைச் சுற்றி நின்று நாங்கள் நாக்கை நீட்டப் போகிறோமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் சரியாகச் செய்யத்தான் பார்த்தேன்" என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். "அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள். என்ன செய்யலாம்? நீங்கள்தானே தொடர்பாளர்."

சட்டையில் குத்தியிருந்த பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்கு அவருடைய கலாசாரம் தெரியாது. தெரிந்ததுபோல நடிக்கவும் எனக்கு உரிமையில்லை. நான் அவருடைய தாதி. அதுவே நிறைய வேலை. நீங்கள் போய் அவரிடமே கேளுங்கள்."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தலைமயிரைச் சரிசெய்து, நேரே பியானோக்காரரின் கட்டிலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை மூடினார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கண்கள் ஈரமாக இருந்தன. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. "ஜன்னலைத் திறந்துவிட வேண்டுமாம். டொக்டரும் நீங்களும் நின்றால் போதுமாம்" என்றார். எங்கள் வார்டின் ஜன்னல்கள் பாதுகாப்புக்காகப் பூட்டியவை. சாவி தேடி அவரே கட்டடம் முழுக்க அலைந்து கொண்டுவந்து திறந்தார். உள்ளங்கை அகலத்துக்குத்தான் திறந்தது. போதும் என்றார் பியானோக்காரர்.

டொக்டர் பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினார். அப்படிக் கொடுக்கும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பியானோக்காரர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தன் மொழியில் தணிந்த குரலில் சில வரிகள் சொன்னார். பிறகு பாடினார். பக்கத்துக் கட்டில் இறைச்சிக்கடைக்காரர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, படுக்கையிலும் கழற்றாத தன் தொப்பியைக் கழற்றினார். பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? மெடலா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அவருடையதை அவருக்குக் கொடுத்தோம்" என்றேன்.

"நல்லது, நல்லது" என்றார்.

புண் ஆறும்வரை விரல் சட்டனில், அவர் வீட்டு உறைபெட்டியில், பட்டாணிப் பைகளுக்கும் மீனுக்கும் நடுவில் இருந்தது. கடைசியாகக் கட்டு மாற்ற வந்த அன்று, பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டுக் கொடுத்தேன். அவர் ஊர் விமான நிலையத்தில் ஓர் அப்பிள் பழத்தைக்கூட உள்ளே விடமாட்டார்களாம். விரலைப் பற்றி டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

சில நாளில் போன் எடுத்தார். சுங்கத்தில் இருந்தவள் மாவோரிப் பெண்.

"உணவுப்பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்றேன். வேறு? என் கால் பெருவிரல் என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள், சிஸ்டர். எந்த ஊர், எந்த ஆறு என்று கேட்டாள். சொன்னேன். அவளுடைய தாய்வழிச் சொந்தம் எங்களுக்கு மேற்கே. கடிதத்தைப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் மாமா என்றாள்."

"ரோல்ஸ்?"

"அதைப் பறித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். சட்டம் சட்டம்தானாம்."

அவருடைய அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்களாம். அக்கா தடியூன்றிக்கொண்டு வந்து நின்றாராம். உறைப்புக் கூடாமல் மறுபடி ரோல்ஸ் சுட்டுத் தருகிறேன், நீங்கள் இங்கே வந்தால் என்றேன்.

அதற்குப் பிறகு, வெட்ட வேண்டியிருக்கும் எல்லோரிடமும் முதல்நாளே நான் கேட்கிறேன். எடுத்ததை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு விருப்பம் ஏதும் உண்டா? பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒருவர் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டு போனார், மதுக்கடை நண்பர்களுக்குக் காட்டவாம். கொடுத்தேன். அவருடையது, அவர் விருப்பம்.

போன மாதம் ஒரு வயோதிபப் பெண், முன்னாள் பள்ளி ஆசிரியை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. கேட்டேன். போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கால் நன்றாக நடனமாடும்" என்றார்.

"மற்றதும் ஆடுமா?"

"மற்றது இதன் பின்னாலேயே போகும்." சிரித்தார். "எனக்கு வேண்டாம் மகளே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு ஒரு நாள் இந்தக் காலைப் போர்வைக்கு வெளியே விட்டுப் படுக்கிறேன்."

போர்வையின் ஓரத்தை அவருடைய முழங்கால்வரை மடித்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனேன்.